அவருடைய மனைவி

எங்கள் மகன் மணந்துகொண்ட பெண்ணின் குடும்பம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பென்சில்வேனியாவில் வாழ்ந்துவரும் குடும்பம். அதில் முதலில் கடல் கடந்தவர், ஜெர்மனியின் தென்மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து புறப்பட்டு, 1749ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஃபிலடெல்ஃபியாத் துறைமுகத்தில் இறங்கினார். அவரையும் அவருடைய குடும்பத்தாரையும் தேடி, கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சில ஆண்டுகளாகப் பழைய ஏடுகளைப் படித்து வருகிறோம். அத்தேடலில் கண்டவற்றை இலக்கிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. மருமகள் வீட்டாரின் விருப்பப்படி பெயர்களை இங்கே தரவில்லை. அவர்களுடைய குடும்பப் பெயர் ஜெர்மன் மொழியில் ‘தையற்காரர்’ என்று பொருள்படுவது என்பதை மட்டும் சொல்லலாம். நம்மூர் முருகன்களைப் போல, அப்பெயர் கொண்டோர் அந்நாட்டில் எண்ணி மாளாதவர்கள்.

எங்களை இதில் இறக்கிவிட்டவர் சம்பந்தி அம்மாள். அவருடைய வீட்டில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறவினர் ஒருவர் அச்சிட்டு வழங்கிய குடும்ப வரலாறு ஒன்று இருக்கிறது. அதன்படி, குடும்பத்தின் முதல் தாய் ஒரு பிரபுவின் மகள். தந்தையின் சொல்லை மீறி, ஏழைத் தையற்காரன் ஒருவனைக் கைப்பிடித்துக் கப்பலேறியவள். அந்தப் பிரபு யார், எந்த ஊர் என்பதெல்லாம் நூலில் இல்லை. ஆனாலும் தாயிடமிருந்து மகளுக்கு இக்கதை இறங்கி வந்திருக்கிறது. எண்பது வயதை நெருங்கும் சம்பந்தி அம்மாளுக்கு, எங்கள் இரு வீட்டாருக்கும் பொதுவான பேத்திக்குத் தம் கையாலேயே ஒரு வம்சாவளிப் படம் எழுதித் தரவேண்டும் என்று ஆசை. கண்பார்வை மங்கிவிட்டதால் ஏடுகளைப் படிக்கும் வேலையை எங்களிடம் ஒப்படைத்தார். பிரபுவின் மகளைப் பற்றிக் கேட்டபோது, சான்று கிடைத்தால் எழுதுவோம், இல்லையென்றால் வேண்டாம் என்றார். சொல்வது எளிது; தம் தாயின் வாயால் கேட்ட கதையை அப்படித் துலாக்கோலில் வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

பென்சில்வேனிய ஜெர்மானியரைத் தேடுவோர் எல்லோரும் முதலில் போய்ச் சேரும் இடம் கப்பல் பட்டியல். அன்று அது இங்கிலாந்து மன்னருக்கு உட்பட்ட குடியேற்ற நாடு. ரைன் ஆற்றங்கரைகளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைக் கண்டு ஆட்சியாளர்கள் கலங்கினார்கள். வேற்று மொழி பேசும் இத்தனை பேர் யாருக்கு விசுவாசமாக இருப்பார்கள் என்ற ஐயம் எழுந்தது. ஆகவே 1727ஆம் ஆண்டு முதல், வந்திறங்கும் ஆண்கள் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிகூறிக் கையொப்பமிட வேண்டும் என்று விதித்தார்கள். முதல் பட்டியல் அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாளுக்குரியது. கப்பல் தலைவர் கொடுத்த பட்டியல், விசுவாச உறுதிமொழிப் பட்டியல், மன்னரின் எதிராளிகளைக் கைவிடுவதாகச் சொல்லும் உறுதிமொழிப் பட்டியல் என மூவகை ஏடுகள் உண்டு. இவற்றை ரால்ஃப் ஸ்ட்ராஸ்பர்கரும் வில்லியம் ஹிங்கும் தொகுத்து 1934ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். இரண்டாம் தொகுதி முழுவதும் கையொப்பங்களின் நேர்ப்படிகள்.

எங்கள் தையற்காரர் அந்தத் தொகுதியில் இருக்கிறார். எழுத்தறியாதவர்கள் ஒரு பெருக்கல் குறியிட, பக்கத்தில் ஆங்கிலேய எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு பெயரை எழுதிக்கொள்வார். எங்களவர் தாமே எழுதியிருக்கிறார். எழுத்துகள் சற்றே மேல்நோக்கி ஏறுகின்றன. பல வாரங்கள் கடலில் ஆடி வந்த கை. அந்தக் கையொப்பத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துச் சம்பந்தி அம்மாளிடம் கொடுத்தபோது, அவர் அதை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “இவள் எங்கே?” என்று கேட்டார்.

இவள் அங்கே இல்லை. இருக்கவும் முடியாது. அப்பட்டியல்கள் குடும்பங்களை நினைவில் வைப்பதற்காக எழுதப்பட்டவையல்ல, மன்னருக்காக எழுதப்பட்டவை. பதினாறு வயது நிரம்பிய ஆண்கள்தாம் உறுதிமொழி எடுத்தார்கள். பெண்களின் விசுவாசத்தை எவரும் கேட்கவில்லை. சில கப்பல் தலைவர்கள் மட்டும் பெண்களையும் குழந்தைகளையும் தம் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். எங்களவர் வந்த கப்பலின் தலைவர் அவர்களில் ஒருவரல்லர். 1790ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது பென்சில்வேனிய மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஜெர்மானிய வழியினர். அவர்களைப் பெற்ற தாய்களில் கடல் கடந்து வந்த மிகப் பலருக்கு, வந்து இறங்கியதற்கான சான்று ஒரு வரிகூடக் கிடையாது.

பெயர்களை வைத்துத் தேடுவதிலும் சங்கடங்கள் உண்டு. அக்காலத்து ஜெர்மானியப் பெற்றோர் பிள்ளைகளுக்கு இரட்டைப் பெயர் வைப்பார்கள். ஒரே வீட்டில் ஐந்து ஆண்மக்களும் யோஹான் என்று தொடங்குவார்கள். வீட்டில் கூப்பிடுவது இரண்டாவது பெயரைத்தான். பெண்களில் அன்னா மரியாக்களும் மரியா பார்பராக்களும் ஏராளம். பெண்ணின் குடும்பப் பெயரோடு ‘இன்’ என்ற விகுதி சேரும். மில்லர் வீட்டுப் பெண் ‘மில்லரின்’ ஆகிவிடுவாள். அமெரிக்காவுக்கு வந்தபின் பெயர்கள் மொழிமாறின. ‘சிம்மர்மான்’ என்ற தச்சர் ‘கார்ப்பென்டர்’ ஆனார். ‘ஷ்வார்ட்ஸ்’ என்ற கறுப்பர் ‘பிளாக்’ ஆனார். ‘ஐசன்ஹௌவர்’ என்று பின்னாளில் ஒரு குடியரசுத் தலைவருக்கு அமைந்த பெயர், 1741ஆம் ஆண்டில் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கியவருக்கு ‘ஐசன்ஹாவர்’ என்றிருந்தது. எங்கள் தையற்காரரின் பிள்ளைகளில் ஒருவர் ஒலியைக் காத்து எழுத்தை மாற்றிக்கொண்டார். இன்னொருவர் பொருளைக் காத்து ஆங்கிலத் தையற்காரராகவே ஆகிவிட்டார். உடன்பிறந்த இருவரின் வழியினர் இன்று இருவேறு குடும்பப் பெயர்களோடு, ஒருவரையொருவர் அறியாமல் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் வாழ்கிறார்கள்.

எழுத்துருவும் எளிதில் பிடிகொடுக்காது. ‘குரென்ட்’ என்னும் அக்காலத்து ஜெர்மன் கையெழுத்தில் ‘எ’யும் ‘ந’வும் குறிக்கும் எழுத்துகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படிப்பதுபோல, சொல் முழுவதும் தெரிந்த பிறகே எழுத்து தெரியும். இதற்கு மேல் நாட்காட்டிச் சிக்கல் ஒன்று. ஆங்கிலேயரின் ஆட்சிப்பகுதிகள் 1752ஆம் ஆண்டு வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றின. ஜெர்மன் நாடுகள் அதற்கு முன்பே புதியதற்கு மாறிவிட்டன. ஆகவே ஜெர்மன் ஊரிலிருந்து புறப்பட்ட நாளுக்கும் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய நாளுக்கும் இடையே உள்ள காலத்தை அப்படியே கழித்துக் கணக்கிட்டால் பதினொரு நாள் காணாமற்போகும்.

இத்தனைக்கும் இடையில் வழிகாட்டியது பக்கத்து வீட்டார். இத்துறையில் பழகியவர்கள் எல்லோரும் சொல்லும் பாடம் இது: ஒருவரைத் தேடாதே; அவரைச் சுற்றி இருந்தவர்களைத் தேடு. ஓர் ஊரிலிருந்து மக்கள் தனித்தனியாகப் புறப்படவில்லை. மைத்துனன், சிற்றப்பன், அடுத்த தெருக்காரன் என்று ஒன்றாகப் புறப்பட்டு, பட்டியலில் அடுத்தடுத்துக் கையொப்பமிட்டு, பென்சில்வேனியாவிலும் அடுத்தடுத்து நிலம் வாங்கினார்கள். குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு ஞானப்பெற்றோராக நிற்பதும் அவர்களே.

அந்த வட்டாரத்தில் குதிரையேறி ஊர் ஊராகச் சென்று ஞானஸ்நானமும் திருமணமும் நடத்திய லூதரன் போதகர் யோஹான் காஸ்பர் ஷ்டோவர், 1730 முதல் 1779 வரை தம் கைப்பட ஒரு பதிவேடு வைத்திருந்தார். எங்கள் தையற்காரரின் நான்கு குழந்தைகளும் அதில் இருக்கிறார்கள். தந்தையின் பெயர், குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், ஞானப்பெற்றோர். தாயின் பெயருக்கு ஷ்டோவரின் ஏட்டில் பெரும்பாலும் இடமில்லை. தையற்காரர் மற்றவர் வீட்டுக் குழந்தைகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றபோது இவளும் உடன் நின்றிருக்கிறாள். மூன்று இடங்களில் அவள் வருகிறாள். மூன்று இடங்களிலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: ‘அவருடைய மனைவி’.

ஆனால் அந்த ஞானப்பெற்றோரின் பெயர்களே எங்களைத் தையற்காரரின் ஊருக்குக் கொண்டு சேர்த்தன. அவர்களில் இருவரின் குடும்பங்கள் ஹைடல்பர்க்கிற்கும் ஹைல்பிரானுக்கும் இடைப்பட்ட கிராய்ச்கௌ பகுதியைச் சேர்ந்தவை என்பதை, அப்பகுதியின் தேவாலயப் பதிவேடுகளைப் பென்சில்வேனிய ஏடுகளோடு வரிக்கு வரி ஒப்பிட்ட ஆனெட் பர்கர்ட் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலிருந்து அறிந்தோம். அதே ஊரின் பதிவேட்டில் எங்களவரின் ஞானஸ்நானமும் கிடைத்தது. அவருடைய தாய் தந்தையர், இரு தமையன்மார், இளமையில் இறந்த ஒரு தங்கை எல்லோரும் இருந்தார்கள். பதிவேடு அதற்கு முன்னே நெடுந்தூரம் போகவில்லை. 1689ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் மன்ஹைம், ஷ்பையர், வோர்ம்ஸ் நகரங்களைத் தீக்கிரையாக்கிய போரில் அப்பகுதியின் ஊர்களும் ஏடுகளும் பட்ட பாட்டை வரலாறு படித்தோர் அறிவர். அவருடைய திருமணமும் அந்தப் பதிவேட்டில் இல்லை. மணமாகாதவராகப் புறப்பட்டு, இங்கே வந்தபின் மணந்திருக்கிறார். அவள் வேறொரு கப்பலில், வேறோர் ஊரிலிருந்து வந்தவள்.

எப்படி வந்திருப்பாள்? 1750ஆம் ஆண்டில் வுர்ட்டம்பர்க்கிலிருந்து ஓர் இசைப்பேழையைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்போடு பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறிய கோட்லீப் மிட்டல்பர்கர், ஊர் திரும்பி 1756ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலில் அந்த வழியை விவரிக்கிறார். ஹைல்பிரானிலிருந்து ஹாலந்து வரை ரைன் நதி வழியில் 36 சுங்கச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் காத்துக் கிடக்கவேண்டும். ராட்டர்டாமில் கப்பலுக்காகக் காத்திருக்கும் காலத்தில் கைப்பணம் கரைந்துவிடும். கடலில் காய்ச்சலும் கெட்ட நீரும் புழுத்த ரொட்டியும். தம் கப்பலில் மட்டும் 32 குழந்தைகள் இறந்து கடலில் விடப்பட்டதாக அவர் எழுதுகிறார். கரை சேர்ந்தபின்னும் கட்டணம் கட்டியவர்களே இறங்கலாம். கட்ட முடியாதவர்களைக் கப்பல் தளத்துக்கே வந்து பார்த்து, சில ஆண்டு ஊழியத்துக்கு ஈடாக அவர்களுடைய கடனைத் தீர்த்து அழைத்துச் செல்வார்கள். கணவன் ஒரு வீட்டுக்கு, மனைவி ஒரு வீட்டுக்கு, பிள்ளைகள் வேறு வேறு வீடுகளுக்கு என்று சிதறிய குடும்பங்கள் உண்டு.

அப்படிச் சிதறியவர்களின் குரலைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. கிறிஸ்டோஃபர் சோவர் 1739ஆம் ஆண்டு முதல் ஜெர்மன்டவுனில் அச்சிட்டு வந்த ஜெர்மன் செய்தித்தாளிலும், அதன் பின்வந்த தாள்களிலும் விளம்பரங்கள் வரும். இன்ன ஊரைச் சேர்ந்த என் தங்கை இன்ன ஆண்டில் வந்தாள், எந்த வீட்டில் ஊழியம் செய்கிறாள் என்று தெரியவில்லை, அறிந்தவர்கள் சொல்லவும் என்ற விதமான சிறு விளம்பரங்கள். எட்வர்ட் ஹாக்கர் தொகுத்த விளம்பரத் தொகுப்பை நாங்கள் ஒரு குளிர்காலம் முழுவதும் மாலை நேரங்களில் உரக்கப் படித்தோம். தேடிய பெயர் கிடைக்கவில்லை. ஆனால் கப்பல் பட்டியல்கள் விட்டுவிட்ட தங்கைகளும் மகள்களும் அங்கே ஊர்ப் பெயரோடும் குடும்பப் பெயரோடும் இருந்தார்கள். அரசுக்கு வேண்டாதவர்கள் அண்ணன்மாருக்கு வேண்டியிருந்தார்கள்.

பிரபுவின் மகள் கதையை எப்படி நடத்துவது என்பதற்கு, இதே நிலத்தின் புகழ்பெற்ற குடும்பம் ஒன்று எங்களுக்குத் துணையாயிற்று. கான்ராட் வைசர் 1696ஆம் ஆண்டில் வுர்ட்டம்பர்க்கில் பிறந்தவர். 1709ஆம் ஆண்டில், பதினாறாவது குழந்தையைக் கருவில் சுமந்திருந்த அவருடைய தாய் இறந்தார். அந்த ஆண்டே தந்தை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். அவ்வாண்டு ‘பாலடைன்’ மக்கள் என்று பொதுவாக அழைக்கப்பட்ட பல்லாயிரம் ஜெர்மானிய ஏழைகள் லண்டனில் வந்து குவிந்திருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேரை, ஆங்கிலக் கடற்படைக்குப் பைன் மரத்திலிருந்து கீல் காய்ச்சித் தருவதற்காக 1710ஆம் ஆண்டில் நியூயார்க்கிற்கு அனுப்பினார்கள். ஆளுநர் ராபர்ட் ஹன்டர் அவர்களுடைய பிள்ளைகள் பலரை வேறு வீடுகளுக்கு ஊழியத்துக்கு அனுப்பினார். வைசரின் தம்பியர் இருவர் அப்படிப் பிரிக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் பத்திரிகைச் சுதந்திர வழக்கால் பெயர்பெற்ற அச்சுக்காரர் ஜான் பீட்டர் செங்கரும் அப்படி அச்சுக்கூடத்தில் விடப்பட்ட சிறுவரே. கான்ராட் பதின்ம வயதில் மோஹாக் மக்களிடையே தங்கி அவர்கள் மொழியைக் கற்றார். பின்னர் பென்சில்வேனியாவுக்கும் இரக்வாய் நாடுகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக, தூதராக விளங்கினார்.

இவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் 1720ஆம் ஆண்டில் மணந்துகொண்டதைக் குறிப்பிடுகிறார். நாள், மணம் நடத்திவைத்த போதகர், நடந்த இடம் எல்லாவற்றையும் சொல்கிறார். மனைவியை மட்டும் அன்னா ஈவா என்ற முன்பெயரோடு விட்டுவிடுகிறார். அவருக்குத் தெரிந்த பெண். குடும்பப் பெயர் எதற்கு? ஆனால் அந்த வெற்றிடத்தில் பின்னாளில் ஒரு கதை வந்து குடியேறியது. அவள் ஒரு மோஹாக் பெண் என்றார்கள். கணவர் மோஹாக் மொழி அறிந்தவர் என்பதால் கதை அழகாகப் பொருந்தியது. நூல்களிலும் ஏறியது.

இதற்கு மறுப்பு கிடைத்த இடம் தமிழ் வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவுக்குப் பின்புலமாக நின்றதும், அவருடைய தமிழ் இலக்கண நூலை 1716ஆம் ஆண்டில் அச்சிட்டதும் ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே ஃபிராங்கே நிறுவிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இருந்தன. அந்த நிறுவனமே 1742ஆம் ஆண்டில் ஹைன்ரிஷ் மெல்கியோர் மூலன்பர்க் என்ற போதகரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது. அவர் 1745ஆம் ஆண்டில் கான்ராட் வைசரின் மகளை மணந்தார்; அவர்கள் மகன் ஃபிரெடரிக் 1789ஆம் ஆண்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர் ஆனார். தரங்கம்பாடியிலிருந்து ஹாலேக்கு அறிக்கைகள் போனது போலவே பென்சில்வேனியாவிலிருந்தும் போயின. அவையும் அங்கே அச்சாயின. அவ்வறிக்கைகளில் தம் மாமனாரைப் பற்றி எழுதும்போது, அவர் மணந்தது புராட்டஸ்டன்ட் பெற்றோருக்குப் பிறந்த ஒரு ஜெர்மானியப் பெண்ணை என்று மூலன்பர்க் தெளிவாகக் கூறியிருக்கிறார். மாமியாரை நேரில் அறிந்த மருமகனின் சொல் அது. அவள் நியூயார்க் பாலடைன் குடியேறிகளுள் ஃபெக் என்ற குடும்பத்தின் மகள் என்பது பின்வந்த ஆய்வாளர்கள் அடைந்த முடிவு. நமது ஓலைச்சுவடிகள் சிலவும் அந்தப் பென்சில்வேனியக் கடிதங்களும் இன்றும் ஹாலேயில் ஒரே நிறுவனத்தின் காப்பகத்தில்தான் இருக்கின்றன.

வைசரின் மனைவிக்கு ஒரு தூதரின் வீடும் எழுதத் தெரிந்த மருமகனும் வாய்த்தார்கள். தையற்காரரின் மனைவிக்கு வாய்த்தது ஓர் உயில். 1780களில் எழுதப்பட்ட அந்த உயிலில்தான் அவளுடைய முன்பெயரை முதன்முறையாகப் பார்த்தோம். அதற்குப் பின்னும் குடும்பப் பெயர் இல்லை. ஆனால் அவளுக்கு என்னென்ன உரியவை என்பது அணு அணுவாக எழுதப்பட்டிருக்கிறது. பென்சில்வேனிய ஜெர்மானியரின் உயில்களில் இது வழக்கமே. மூத்த மகன் ஆண்டுதோறும் இத்தனை மரக்கால் கோதுமையும் கம்பும் அளக்கவேண்டும். ஒரு பசுவை அவள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தீவனம் மகன் பொறுப்பு. தோட்டத்தில் இரண்டு ஆப்பிள் மரங்களின் காய்ப்பு அவளுக்கு. விறகை வெட்டி அவள் கதவு வரை கொண்டுவந்து போடவேண்டும். வீட்டின் பின்கட்டு அறையும் அடுப்பின் அருகே உட்காரும் உரிமையும் அவள் உயிரோடு இருக்கும் வரை. அந்தக் கடைசி வரியை எங்களால் எளிதில் கடக்க முடியவில்லை. தாம் போனபின் மருமகள் ஆளும் வீட்டில் தம் மனைவிக்கு அடுப்பங்கரையில் இடம் இருக்குமோ என்று அந்தத் தையற்காரர் கவலைப்பட்டிருக்கிறார். அதைச் சட்டத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த மருமகளின் குடும்பப் பெயர் எங்களுக்குக் கிடைத்தது. கிடைத்த விதம் விசித்திரமானது. தையற்காரரின் மூத்த மகன் அமெரிக்க விடுதலைப் போரில் போராடியவர். 1785ஆம் ஆண்டில் மணந்தவர். அவருக்குப் பின் நெடுநாள் வாழ்ந்த மனைவி, 1794ஆம் ஆண்டுக்கு முன் வீரர்களை மணந்த கைம்பெண்களுக்கு ஓய்வூதியம் அளித்த 1838ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்தாள். தான் அவருடைய மனைவிதான் என்று அவள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்பு இறப்புகளை மாநிலம் முழுவதற்கும் முறையாகப் பதிவுசெய்வதைப் பென்சில்வேனியா தொடங்கியதோ 1906ஆம் ஆண்டில்தான். தான் ஒருபோதும் எழுதிவைக்காததற்கு அரசு ஒரு கிழவியிடம் சான்று கேட்டது.

அவளிடம் ஒரு சான்று இருந்தது. ‘டௌஃப்ஷைன்’ என்று பெயர். குழந்தையின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் குறித்து, பள்ளி ஆசிரியர்களோ ஊர்சுற்றும் எழுத்தர்களோ சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் துலிப் பூக்களும் பறவைகளும் வரைந்து தரும் தாள். 1780களில் எஃப்ரட்டாவில் அச்சிட்ட படிவங்களும் வரத் தொடங்கின. வேதாகமத்துக்குள் மடித்து வைப்பார்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டுவார்கள். இத்தாள்களில், தேவாலயப் பதிவேடுகளில் அடிக்கடி விடுபட்டுப்போகும் ஒரு செய்தி பெரும்பாலும் இருக்கும்: தாய் எந்தக் குடும்பத்தில் பிறந்தவள் என்பது. இந்தப் பெண் தன் முதல் குழந்தையின் தாளை எடுத்து விண்ணப்பத்தோடு வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டாள். அது திரும்பி வரவில்லை. அவளைப்போல் அனுப்பியவர்கள் பலர். அந்தப் பூக்களும் பறவைகளும் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவள் பிறந்த குடும்பத்தின் பெயர் அந்தத் தாளில் பெரிய அழகிய எழுத்தில் இருக்கிறது.

ஆக, இரண்டாம் தலைமுறைப் பெண் முழுப் பெயரோடு கிடைத்தாள். முதல் பெண் கிடைக்கவில்லை. பிரபுவின் மகளுக்கு ஒரு துளிச் சான்றும் இல்லை. ஊழியப் பெண்ணாக வந்தவள் என்பதற்கும் நேரடிச் சான்று இல்லை; அதையும் நாங்கள் எழுதமாட்டோம். ஏழைக்கதை என்பதற்காக ஒரு கதை உண்மையாகிவிடாது.

இவற்றையெல்லாம் சம்பந்தி அம்மாளுக்கு ஒரு நாள் முழுவதும் படித்துக் காட்டினோம். பிரபுவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஷ்டோவரின் ஏட்டிலுள்ள நான்கு குழந்தைகளைப் படிக்கும்போது நிறுத்தச் சொன்னார். இரண்டாவது குழந்தைக்கும் நான்காவது குழந்தைக்கும் ஒரே பெயர் இருந்தது. அதன் பொருளை நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது: அக்காலத்தில் ஒரு குழந்தை இறந்துவிட்டால், அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். இறப்புப் பதிவு எங்கும் இல்லை. இரண்டாம் முறை வந்த பெயரே முதல் குழந்தையின் மரணச் செய்தி. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தமக்கும் எங்கள் மருமகளுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாட்கள் இருந்தது என்றார். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் அவர் அதை எங்களிடம் சொன்னது அதுவே முதல் முறை. அந்தக் குழந்தையின் பெயரையும் சொன்னார். அந்தப் பெயரும் இப்போது வம்சாவளிப் படத்தில் இருக்கிறது.

படத்தில் முதல் பெண்ணின் முன்பெயரை எழுதி, அதன்பின் ஒரு விரற்கடை இடம் விட்டு, கீழே கோடு போட்டிருக்கிறார். பேத்தி அதைப் பார்த்து, எழுத மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். இன்னும் கிடைக்கவில்லை என்று பதில் சொன்னோம். ‘இல்லை’ என்பதற்கும் ‘இன்னும் கிடைக்கவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒன்பது வயதுக் குழந்தை உடனே புரிந்துகொண்டது. தானும் தேடலாமா என்றாள்.

தேட இடம் இருக்கிறது. நான்கு ஞானஸ்நானங்களில் மூன்றுக்குத் தையற்காரரின் ஊரார் நின்றிருக்கிறார்கள். மூத்த பெண் குழந்தைக்கு நின்ற ஞானத்தாய் மட்டும் அந்த ஊர்க்காரி அல்லள். வேறு எந்த ஏட்டிலும் தையற்காரரின் சுற்றத்தாரோடு அவள் வருவதில்லை. குழந்தைக்கு வைத்தது அவளுடைய பெயரைத்தான். முதல் பெண் குழந்தைக்குத் தாயின் தமக்கையோ தங்கையோ ஞானத்தாயாக நிற்பது அம்மக்களிடையே இயல்பாகக் காணப்படும் வழக்கம். அவள் பெயர் பின்னர் நெக்கர் ஆற்றங்கரையின் இரண்டு ஊர்களைச் சேர்ந்த குடும்பங்களோடு சேர்ந்து வருகிறது. அந்த இரண்டு ஊர்களின் பதிவேடுகளும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. முதல் ஊரில் 1720 முதல் 1731 வரை படித்து முடித்திருக்கிறோம். இரண்டாம் ஊரின் ஏட்டை வரும் வாரம் தொடங்குகிறோம்.